நாலாவது குழி

ஒரு மீட்டர் நாற்பதில் மணல் நிறம் மாறுகிறது.
சாம்பல், அப்புறம் பச்சை கலந்த கறுப்பு.
ஆகரைத் தட்டி வெள்ளைத் தாளில் கொட்டுகிறேன்.
முகர்ந்து பார்க்கக் கூடாது என்பது விதி.
குனியும் முன்பே தெரிந்துவிட்டது.

இறால் பண்ணை மூடி ஆறு வருடம்.
ஜெனரேட்டர் போனது, தகரம் போனது,
கதவைக்கூட யாரோ கழற்றிக்கொண்டார்கள்.
டீசலை யாரும் எடுக்கவில்லை.
அது தானாக இறங்கிக்கொண்டிருக்கிறது.

சிப்பிவலசைக்கு அடியில் கடல் படுத்திருக்கிறது.
அதன்மேல், பாலாடை கனத்தில்,
ஐப்பசி மழை விட்டுப்போன தண்ணீர்.
அதன்மேல் இப்போது இன்னொன்று.
கனமானது கீழே லேசானது மேலே என்று
சண்டையில்லாமல் அடுக்கி வைத்திருக்கிறது மணல்.

மூலம், பாதை, பெறுபவர் என்று கேட்கிறது படிவம்.
பெறுபவர் என்ற இடத்தில் பெயர் எழுதக் கூடாது.
அறுபது கிலோ எடை, நாளைக்கு இரண்டு லிட்டர்,
முப்பது வருடம் என்று எழுத வேண்டும்.
முத்துராக்கு அறுபது கிலோ இருக்கமாட்டார்.
தலையில் கருவேல விறகோடு நிறுத்தால் இருக்கலாம்.

கணக்குப் போட்டேன்.
நிலத்தடி நீர் கடலைப் பார்த்து நகர்கிறது,
வருடத்துக்குப் பதினொரு மீட்டர்.
பண்ணைக்கும் ஊற்றுக்கும் நூற்று எண்பது.
தொட்டி புதைத்து ஒன்பது வருடம்.
ஆக இன்னும் ஏழு வருடம் இருக்கிறது.
நடுத்தர அபாயம். மஞ்சள் கட்டம்.
மஞ்சளுக்கு யாரும் போன் செய்வதில்லை.

"தண்ணி நல்லாத்தானே இருக்கு, பருப்பு வேகுதே"
என்றார் முத்துராக்கு.
இந்தக் கரையில் அதுதான் சோதனை.
உப்பேறினால் பருப்பு கல்லாகவே கிடக்கும்.
என் மீட்டர் சொல்வதும் அதேதான்,
என்ன, பதினாலாயிரம் ரூபாய்.
ஆனால் பென்சீன் கலந்தாலும் பருப்பு வேகும்.
அதை எப்படிச் சொல்வதென்று யோசித்தபடியே
அவர் கொடுத்த டீயைக் குடித்து முடித்திருந்தேன்.

சிரட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவரே சொன்னார்:
"முன்ன அந்தா, அங்கிட்டுத்தான் தோண்டுவோம்.
மண்ணெண்ண வாடை அடிச்சுச்சு, தள்ளி வந்தோம்.
பொறவு இங்கன. இங்கனயும் அடிச்சுச்சு.
இது நாலாவது குழி."

அடப்பங்கொடி மூடிய மூன்று பள்ளங்கள்.
டேப்பின் மறுமுனையை அவர் பிடித்துக்கொண்டார்.
முதல் குழியை விட்டது
போர் லாரி மணலில் புதைந்த வருடம்.
இரண்டாவது, ரேஷன் கடை திறந்தபோது.
மூன்றாவது போன ஆடியில்.
மூன்று கண்காணிப்புக் கிணறு வேண்டுமென்று
போன வருடமே எழுதிக் கேட்டிருந்தேன்.
நிதி இல்லை என்று பதில் வந்தது.
இங்கே தோண்டி, முகர்ந்து, கைவிட்டும் ஆயிற்று.

பதினொன்று இல்லை, பதினெட்டு.
ஏழு வருடம் ஒன்றாகிவிட்டது.
பேனா மணலில் எழுத மறுத்தது,
முழங்காலில் வைத்து மஞ்சளை அடித்தேன்.

முடிவு வர இருபத்தோரு நாள் ஆகும்.
அதுவரை எதுவும் சொல்ல எனக்கு அதிகாரமில்லை.
சொன்னேன்.
இதைக் குடிக்காதீங்க என்றேன், குழியைக் காட்டி.

"சரி," என்றார்.
மணலைத் தட்டிவிட்டுக் குடத்தை இடுப்பில் ஏற்றினார்.
"அப்ப எதக் குடிக்க?"

லாரித் தண்ணீர் குடம் பன்னிரண்டு ரூபாய்.
அதுவும் செவ்வாயும் சனியும்தான்.
படிவத்தில் 'மாற்று ஏற்பாடு' என்று ஒரு வரி உண்டு,
அரை விரல் நீளம்.

சாயல்குடி பஸ்ஸில் ஐஸ் பெட்டி என் மடியில்.
ஆறு பாட்டில். நாலாவதன் மூடி லேசாகக் கசிகிறது.
கண்டக்டர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.
"மீனா? லக்கேஜ் டிக்கெட் எடுக்கணும்."
தண்ணி என்றேன்.
"எந்த ஊருத் தண்ணி?"
சிப்பிவலசை.
டிக்கெட்டைக் கிழித்தவர் நிறுத்தி
என்னை ஒருமுறை பார்த்தார்.
"தண்ணிக்கா இம்புட்டு ஐஸு?"